இணையப் படிவங்களில் புதுமைகள்



விண்ணப்பப் படிவத்தை நம் ஊர்ப்பக்கத்தில் 'பாரம்' என்றே சொல்லுவார்கள். ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் தேய்ந்து வந்த வடிவம் அது. ஆயினும் பாரம் என்றால் சுமை என்ற பொருளும் நாம் அறிந்ததே. ஆகையால் அந்தச் சொல் தற்செயலாகவேனும் உண்மையைத் தொட்டுவிட்டது எனலாம். அந்தச் சுமையைக் குறைப்பதற்காக இணையப் படிவச் சேவைகளில் நாளுக்கு நாள் புதிய வசதிகள் சேர்ந்து வருகின்றன. அவற்றுள் எவை மெய்யான முன்னேற்றம், எவை வெறும் அலங்காரம் என்பதைக் காரைக்காலில் இருந்துகொண்டு பார்த்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இணையப் படிவச் சேவை என்றால் என்ன? முன்னெல்லாம் வலைத்தளத்தில் ஒரு படிவம் அமைக்க வேண்டுமானால், நிரல் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகவேண்டும். இன்றோ கேள்விகளை மட்டும் நாம் எழுதினால் போதும். கட்டங்களை அமைப்பது, விடைகளை வாங்குவது, அவற்றை அட்டவணையில் அடுக்குவது எல்லாவற்றையும் சேவையே பார்த்துக்கொள்கிறது. கூகிள் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தன் விரிதாளோடு இணைத்து இந்த வசதியை அளித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனமும் இத்தகைய சேவை ஒன்றை நடத்திவருகிறது. ஆகவே படிவம் என்பது அரசாங்க அலுவலகத்தின் தனிச்சொத்தாக இருந்த காலம் போய்விட்டது. விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் சேர்க்கவும், இரத்ததானம் செய்வோரின் விவரம் திரட்டவும், ஆய்வுக் கட்டுரைக்குச் செய்தி சேகரிக்கவும் கல்லூரி மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் ஒரு படிவத்தை ஆக்கிவிடுகிறார். நீங்கள் இப்போது படிவத்தை நிரப்புகிறவர்கள் மட்டும் அல்லர். கேள்வி கேட்கிறவர்களும் ஆகிவிட்டீர்கள். கேட்கிறவருக்கு ஓர் அதிகாரம் உண்டு. அது எத்தகைய அதிகாரம் என்பதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நிறைவேறியது. அதற்கு அடிப்படையான ஒப்பந்தம் 1956ஆம் ஆண்டிலேயே கையெழுத்தாகி இருந்தது. இந்நிலப்பகுதியில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள், அந்த ஆகஸ்டு 16 முதல் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அயல்நாட்டில் குடியிருந்தவர்களுக்கோ நிலைமை நேர்மாறானது. அவர்கள் பேசாமல் இருந்தால் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார்கள். இந்தியராக விரும்பினால்தான் எழுதித்தர வேண்டும்.

இதைச் சற்று உற்று நோக்குங்கள். அண்ணன் காரைக்காலிலும் தம்பி சைகோனிலும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் எந்தத் தாளிலும் கையெழுத்து இடவில்லை. ஒருவர் இந்தியர், மற்றவர் பிரெஞ்சுக்காரர். ஒன்றும் எழுதாததும் ஒரு விடையாகவே கொள்ளப்பட்டது. படிவம் அமைக்கும் கலையில் இதற்கு இன்றும் தனி இடம் உண்டு: நிரப்புகிறவர் தொடாமல் விட்டால் எதை அவருடைய விடையாகக் கொள்வது? இணையப் படிவங்களில், 'என் விவரங்களைப் பிற நிறுவனங்களுக்கு அளிக்கச் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்கு முன்னால் ஏற்கெனவே சரிக்குறி போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படிக்காமல் கடந்து போகிறவர் சம்மதித்தவராகி விடுகிறார். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது ஒருவர் தாமே தெளிவாகச் செய்த செயலால் வெளிப்பட வேண்டும் என்று கூறுகிறது. பிறர் போட்ட சரிக்குறி அத்தகைய செயல் ஆகாது. எதற்காக விவரம் கேட்கப்படுகிறது என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளுள் எதிலும் படிக்க வழிசெய்யவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. தமிழும் அவற்றுள் ஒன்று.

அடுத்து, பெயர். படிவத்தின் முதல் கட்டம் அதுதான். பெருந்தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிறந்த ஒரு பிரெஞ்சு ஆணையின்படி, இந்தியர் தம் மதம், குலம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படி வருகிறவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதுவரை குடும்பப் பெயர் என்ற ஒன்றையே அறியாதிருந்த தமிழர், பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்த காரணத்தால் ஒரு பெயரைத் தேடிக்கொண்டார்கள். அதன் வழிவந்த குடும்பங்களில் அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இன்று காரைக்காலில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மூவரைப் பாருங்கள். ஒருவருக்கு அப்படி வந்த குடும்பப் பெயர் உண்டு. இன்னொருவருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. மூன்றாமவர் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. அவர் பெயரில் எது முதற்பெயர், எது இறுதிப்பெயர் என்று கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும்.

இம்மூவரையும் 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்ற இரண்டு கட்டங்களில் அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? இரண்டாவது கட்டத்தில் உடுக்குறி இருந்துவிட்டால் அதை வெறுமையாக விடவும் முடியாது. ஒருவர் தந்தையின் பெயரை முழுவதும் எழுதுகிறார். ஒருவர் ஒற்றை எழுத்தை இடுகிறார். ஒருவர் புள்ளி வைத்துத் தப்புகிறார். ஒருவர் தம் பெயரையே இருமுறை எழுதிவிடுகிறார். பின்னாளில் மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று ஒரே ஆள் மூவராகிப் போகிறார். அவர்கள் மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சான்றுறுதிப் பத்திரம் எழுதி அலைகிற செலவும் அலுப்பும் அந்தப் பிள்ளைக்குத்தான். வலையின் நெறிமுறைகளை வகுக்கும் உலகளாவிய அமைப்பான டபிள்யூ3சி, உலக மக்களின் பெயர்முறைகள் பலவாதலின், கூடுமானவரை முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே நலம் என்று வழிகாட்டியிருக்கிறது. பெயரைப் பிரித்துக் கேட்பதா, ஒன்றாகக் கேட்பதா என்பது படிவம் ஆக்குகிறவர் முடிவு செய்யக்கூடியது. உங்கள் படிவத்தில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

எழுத்தின் கணக்கு இன்னொரு வேடிக்கை. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹொலரித் துளையட்டை இயந்திரத்தைப் பயன்படுத்தினார். மக்கள் தந்த விடைகள் அட்டையில் துளைகளாயின. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஓர் அட்டைக்கு இத்தனை எழுத்துத்தான் என்ற கட்டுப்பாடு இயந்திரத்தின் தேவையிலிருந்து வந்தது. அட்டை போய்விட்டது, கட்டுப்பாட்டு மனம் போகவில்லை. 'இருபது எழுத்துக்கு மிகாமல்' என்று இன்றும் படிவங்கள் சொல்லுகின்றன.

யாருடைய எழுத்து? 'காரைக்கால்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கா, ரை, க், கா, ல் - ஐந்து எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால், அதே சொல் பத்தாகிவிடுகிறது. அதைச் சேமித்து வைக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட்டு தேவைப்படுவதால் முப்பது பைட்டு. பக்கத்தில் இருக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கு நமக்கு எழுத்து 12, யூனிகோடுக்கு 20, சேமிப்பில் 60 பைட்டு. ஐம்பது பைட்டோடு நிறுத்தும் படிவத்தில் அந்த ஊர்க்காரர் தம் ஊரின் பெயரைத் தமிழில் முழுதாக எழுத இயலாது. நல்ல சேவைகள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும். அதற்கான வழிமுறைகள் யூனிகோடிலேயே வகுக்கப்பட்டிருக்கின்றன. யூனிகோடின் முதற்பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழ் அதில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகை வந்தும் கால்நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆகவே 'தமிழில் எழுதினால் ஏற்காது' என்று ஒரு படிவம் சொல்லுமானால், குறை தமிழினுடையது அன்று.

காரைக்காலுக்கே உரிய ஒரு சங்கடம் இடத்தைப் பற்றியது. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்லுகிறேன்: காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டம், ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு. தலைநகராகிய புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இதே ஒன்றியப் பகுதியின் மாஹே அரபிக்கடல் ஓரத்திலும், ஏனாம் கோதாவரிக் கரையிலும் கிடக்கின்றன. காரைக்காலின் அஞ்சல் குறியீட்டு எண் 609602. இதன் முதல் மூன்று இலக்கங்களாகிய 609, தமிழ்நாட்டைச் சேர்ந்த மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் பொதுவானது. அஞ்சல் பை போகும் வழிக்கு மாநில எல்லை தெரியவேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

ஆனால் படிவங்களில் ஒரு புதிய வசதி வந்தது. அஞ்சல் எண்ணை இட்டவுடன் மாநிலமும் மாவட்டமும் தாமே நிரம்பிக்கொள்ளும். வரவேற்கத்தக்க வசதிதான். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளுக்காக ஒரு நுழைவுத் தேர்வின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எண்ணை இட்டதும் 'தமிழ்நாடு' என்று வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றலாம் என்றால் கட்டம் பூட்டியிருந்தது. மாவட்டப் பட்டியலில் நாகப்பட்டினம் இருந்தது, காரைக்கால் இல்லை. "சித்தப்பா, நாம நாகப்பட்டினமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அன்று. புதுச்சேரியில் தொழிற்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் குழு இணைய வழியாகவே விண்ணப்பம் பெறுகிறது. பிராந்திய வாரியாக இட ஒதுக்கீடும் இருக்கிறது. இருப்பிடச் சான்றில் ஒன்றும் தேர்வுப் படிவத்தில் வேறொன்றும் இருந்தால், பிள்ளையின் ஆண்டு ஒன்று வீணாகக்கூடும் என்ற அச்சம் பெற்றோருக்கு எழாமல் இருக்குமா? தொலைபேசியில் பலமுறை பேசி, கடிதம் எழுதி, அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தானே நிரப்புவது வசதி. பூட்டி வைப்பது வசதி அன்று. படிவம் ஊகித்துச் சொல்லட்டும். முடிவு அந்த ஊரில் குடியிருப்பவரிடம் இருக்கட்டும். பட்டியல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பாண்டிச்சேரி என்ற பெயர் சட்டப்படி புதுச்சேரி என்று மாறியது 2006ஆம் ஆண்டில். பழைய பெயரோடு நிற்கும் பட்டியலில் 'பு' வரிசையில் தேடிக் காணாமல், அதன்பின் 'பா' வரிசைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இனி இடையூறு. படிவம் ஆக்குகிறவர் மேசை முன் அமர்ந்து, தடையில்லாத மின்சாரத்தில் ஆக்குகிறார். நிரப்புகிறவர் பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்புகிறார். அல்லது சேவை மையத்தில் வரிசையில் காத்திருந்து நிரப்புகிறார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது காவிரிப் படுகையில் மின்சாரம் இல்லாமல் நாட்கணக்கில் இருந்த ஊர்கள் பல. பாதி நிரப்பிய படிவம் இணைப்பு அறுந்தவுடன் மறைந்துவிடுவது போன்ற எரிச்சல் வேறில்லை. ஆகவே என் அபிப்பிராயத்தில், அண்மைக் காலத்தில் வந்த வசதிகளுள் தலைசிறந்தது பாதியில் விட்டதைக் காத்துவைக்கும் வசதியே. கூகிள் படிவத்தில் கணக்கில் நுழைந்து நிரப்புவோரின் விடைகளை 30 நாள் வரை வரைவாகக் காக்கும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டில் வந்தது. 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓ.டி.கே. என்ற திட்டமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இணைப்பே இல்லாத ஊரிலும் விடைகளைக் கைப்பேசியில் வாங்கிவைத்து, இணைப்புக் கிடைத்தபோது அனுப்பலாம். கணக்கெடுப்பாளர்களுக்காகப் பிறந்த கருவி அது.

கேட்டதையே திரும்பக் கேட்பதும் இடையூறுதான். இணைய அணுகுதன்மைக்கான நெறிமுறையின் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. ஒரே விண்ணப்பத்தின் ஊடே ஒருமுறை தந்த விவரத்தை மறுமுறை எழுதச் சொல்லாமல், தானே நிரப்பவோ தேர்ந்துகொள்ளவோ விடவேண்டும் என்பது அதில் புதிதாகச் சேர்ந்த விதி. பார்வையற்ற மாணவர் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையால் படிவம் நிரப்புகிறார். கட்டத்துக்குள் மங்கலாக எழுதிவைத்து, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துபோகிற குறிப்பு அவருக்குப் போதுமான துணை ஆவதில்லை; கண்ணுள்ளவர்க்கும் அது தொல்லையே. கட்டத்துக்கு வெளியே நிலையாக ஒரு பெயர் இருக்க வேண்டும். செலவில்லாத திருத்தம்.

வண்ணங்கள், பின்னணிப் படங்கள், விடைகளை வட்டமாகவும் தூணாகவும் வரைந்து காட்டும் வசதிகள் ஆகியவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அவை கேட்பவரின் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே.

விடைக்குத் தகுந்தபடி அடுத்த கேள்வியை மாற்றும் வசதியைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. சென்ற ஆண்டு எங்கள் மாணவர்கள் சிலர் ஒரு மீனவர் கிராமத்தில் கல்விச் செலவைப் பற்றி ஆராய முற்பட்டார்கள். அவர்கள் வரைந்த படிவத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம், எண் மட்டுமே எழுதலாம், வெறுமையாக விடலாகாது. முதல் வீட்டிலேயே தடை நேர்ந்தது. "எந்த மாசத்தைச் சொல்ல, தம்பி?" என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் கிடக்கும். தடை நீங்கிய பின்னரும் கூலி என்பது மாதத்துக்கு இவ்வளவு என்று வருவதன்று. கிடைத்த மீனை விற்று, எரிபொருள் முதலிய செலவு போக, பங்கு வைத்துப் பிரிப்பது. ஒரு பயணத்தில் நிறையக் கிடைக்கும். மறு பயணத்தில் செலவுக்கே போதாது. அவரிடம் ஓர் எண்ணை வற்புறுத்தி வாங்கியிருந்தால், அட்டவணை அழகாக நிரம்பியிருக்கும். உண்மை ஒரு துளியும் இருந்திராது.

மாணவர்கள் அன்றிரவே படிவத்தை மாற்றினார்கள். 'கடலுக்குப் போகிறவர் வீட்டில் உண்டா?' என்பது முதற்கேள்வி ஆயிற்று. உண்டு என்றால், கடைசிப் பயணத்தில் வந்த பங்கு எவ்வளவு, தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி நடந்தது என்ற கேள்விகள் திறக்கும். இல்லை என்றால் மாத வருமானக் கேள்வி வரும். கருவியில் அந்த வசதி முன்னமே இருந்தது. அதை எங்கே பயன்படுத்துவது என்பதைச் சொன்னவர் அந்தப் பெரியவர்.

படிவத்தின் இறுதியில் அவர்கள் இன்னொன்றும் சேர்த்தார்கள். கட்டாயம் இல்லாத, எழுத்து வரம்பு இல்லாத ஒரு வெற்றுக் கட்டம். 'நாங்கள் கேட்கத் தவறியது ஏதேனும் உண்டா?' என்று அதன்மேல் எழுதினார்கள். பலர் அதை வெறுமையாக விட்டார்கள். சிலர் தெருப்பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். ஒரு வீட்டில் அந்தக் கைப்பேசியை வாங்கி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் தானே தட்டச்சு செய்தாளாம்: கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய கடைசி நாள் தடைக்காலத்திலேயே வருகிறது; ஒரு மாதம் தள்ளி வைத்தால் அப்பாவால் கட்ட முடியும். கல்விச் செலவைப் பற்றிய அந்த ஆய்வின் முதல் பக்கத்தில் இப்போது இருப்பது அந்த வரியே.